கிண்ணத்தில் பொறித்த அரசியல்: தெரியுமா?

நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட், நயினாதீவுக்கு ஹார்லெம், ஊர்காவற்றுறை இருக்கும் தீவுக்கு லெய்டன் என்று தங்கள் ஊர்ப் பெயர்களையே வைத்துவிட்டுப் போன ஒல்லாந்தர், தங்கள் அரசியலை எதில் பொறித்தார்கள் தெரியுமா? மது குடிக்கும் கண்ணாடிக் கிண்ணத்தில்!

பாய் விரித்த கப்பல், பக்கத்தில் 'கிழக்கிந்தியக் கம்பனி செழிக்கட்டும்' என்ற வாழ்த்து. 18ஆம் நூற்றாண்டில் இப்படிப்பட்ட கிண்ணங்களை உயர்த்தித்தான் ஒல்லாந்தில் குடித்தார்கள். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த அதே கம்பனிதான்! நம்மவர் மூக்குப்பேணியில் யாரும் அரசியல் எழுதியதாகத் தெரியவில்லை.

வேலைப்பாட்டைக் கேட்டால் அசந்துபோவீர்கள். ஃபிரான்ஸ் கிறீன்வூட், டேவிட் வொல்ஃப் போன்றவர்கள் வைர முனையால் கண்ணாடியில் புள்ளி புள்ளியாகத் தட்டியே முழு உருவத்தையும் எடுத்தார்கள். புள்ளி நெருங்கிய இடம் வெளிச்சம், புள்ளி இல்லாத இடம் நிழல். விளக்கடியில் சரித்துப் பிடித்தால்தான் முகம் துலங்கும். கை கொஞ்சம் பிசகினால் கிண்ணமே போச்சு!

இங்கிலாந்தில் கிண்ணத்தில் அரசியல் பொறிப்பது ஆபத்தான விளையாட்டு. நாட்டைவிட்டு ஓடிய ஸ்டூவர்ட் அரச குடும்பத்தின் ஆதரவாளர்கள் ரோசாப்பூவையும் ஓக் இலையையும் இரகசியக் குறியாகப் பொறித்தார்கள். அரசரை வாழ்த்தும்போது கிண்ணத்தைத் தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேலாக நீட்டுவார்கள். வாழ்த்து கடலுக்கு அப்பால் இருக்கும் அரசருக்காம்! என்ன சாமர்த்தியம்!

ஒல்லாந்து இளவரசர் ஐந்தாம் வில்லியத்துக்கும் இப்படிக் கிண்ணங்கள் உண்டு. 1795இல் பிரெஞ்சுப் படைக்குப் பயந்து இங்கிலாந்துக்கு ஓடியவர், கியூ மாளிகையில் இருந்துகொண்டு, தம் குடியேற்ற நாடுகளை ஆங்கிலேயர் பொறுப்பில் விடும்படி கடிதம் எழுதினார். அந்தச் செப்டம்பரிலேயே யாழ்ப்பாணக் கோட்டை ஆங்கிலேயர் வசமானது. தீவுகளும் கைமாறின. தீவார் யாரையும் யாரும் கேட்கவில்லை.

ஆனால் தீவகத்தின் பொறிப்பு இவர்களை விடப் பழையது! நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. அதன்படி, யானை, குதிரை கொண்டுவரும் கப்பல் உடைந்தால் அரசனுக்குக் கால் பங்கு, உடையவனுக்கு முக்கால். மற்றச் சரக்குக் கப்பலானால் பாதிக்குப் பாதி. வெளிநாட்டார் வந்திறங்க வேண்டிய துறை ஊர்காவற்றுறை என்றும் அதில் இருக்கிறது. குறிகட்டுவானில் படகேறிக் கும்பிடப் போகிறவர்கள் அந்தக் கல்லையும் ஒருக்கால் பார்த்துவிட்டு வாருங்கள்.