கடைக்கு எல்.இ.டி. போர்டு வாங்கப் போறீங்களா? பாஸ்வேர்டு யார் கையில்னு முதல்ல கேளுங்க!

ஈரோடு:-

டீக்கடை, பேக்கரி, ஜவுளிக்கடை என்று எங்கே திரும்பினாலும் இப்போது ஓடும் எழுத்து எல்.இ.டி. போர்டுதான். பிளெக்ஸ் பேனரில் விலை மாறினால் திரும்ப அச்சடிக்க வேண்டும். இதில் காலையில் "சூடான போண்டா", சாயங்காலம் "முட்டை பப்ஸ்" என்று நினைத்த நேரத்தில் மாற்றலாம்.

ஆனால் முதல் முறை வாங்கும் வியாபாரிகள் பலர் "எத்தனை அடி, என்ன விலை?" என்று மட்டும் கேட்டுவிட்டு அட்வான்சை நீட்டி விடுகிறார்கள். அப்புறம் ஒரு வரி மாற்றக்கூட விற்றவரையே கூப்பிட வேண்டி இருக்கிறது. பொங்கல் முடிந்தும் தீபாவளி வாழ்த்து ஓடுவது இதனால்தான்!

பி10 என்றால் என்ன?

கடைக்காரர்கள் சொல்லும் "பி10" என்பது ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் உள்ள இடைவெளி. அதாவது 10 மில்லி மீட்டர். எத்தனை மில்லி மீட்டரோ, சுமார் அத்தனை மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் எழுத்து தெளிவாக இருக்கும். ரோட்டில் போகிறவர்களுக்கு பி10 போதும். கடைக்கு உள்ளே கல்லா பக்கத்தில் மாட்டினால் வெறும் புள்ளியாகத்தான் தெரியும். அங்கே பி3, பி2.5 வேண்டும், விலையும் ஏறும்.

பி10 மாட்யூல் ஒன்று 32 சென்டிமீட்டர் நீளம், 16 சென்டிமீட்டர் உயரம். உயரத்தில் 16 புள்ளிதான். ஆங்கில எழுத்துக்கு இது தாராளம். தமிழில் கொம்பு, சுழி, மேலே புள்ளி எல்லாம் அதற்குள் நெருக்கி அடித்துக்கொள்ளும். "ணி", "ஸ்ரீ" எல்லாம் குழம்பிவிடும். தமிழ் போர்டு என்றால் 2 வரிசை மாட்யூல் போடச் சொல்வதே நல்லது. உங்கள் கடைப் பெயரை ஓடவிட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். சில சாப்ட்வேரில் கொம்பு தனியாக, எழுத்து தனியாக ஓடும் கூத்தும் நடக்கிறது.

சரி, கரண்ட்?

6 அடிக்கு 1 அடி போர்டுக்கு 12 மாட்யூல் பிடிக்கும். ஒரு நிற மாட்யூல் ஒன்று முழு வெளிச்சத்தில் அதிகபட்சம் 20 வாட் வரை இழுக்கும் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 240 வாட். 10 மணி நேரத்துக்கு இரண்டரை யூனிட்டுக்குள். எழுத்து மட்டும் ஓடினால் இதைவிட குறையும். ராத்திரி வெளிச்சத்தைக் குறைத்தால் எதிரே வண்டி ஓட்டி வருகிறவர்களுக்கும் கண் கூசாது.

மழைதான் பெரிய எமன். மாட்யூலின் முன்பக்கம் தண்ணீர் தாங்கினாலும், பின்னால் இருக்கும் பவர் சப்ளையும் ஒயர் இணைப்பும் தாங்காது. பின்பக்கம் மூடிய பெட்டியாக இருக்கட்டும். இரும்பு பிரேமுக்கு எர்த் கண்டிப்பாக வேண்டும். ஷாக் அடித்தால் உயிருக்கே ஆபத்து.

வெளியே வீட்டு டி.வி.யை மாட்டி சமாளிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். பட்டப்பகலில் படம் தெரியாது. கடையில் ஓட்டினால் பல கம்பெனிகள் வாரண்டியும் தருவதில்லை.

ரோட்டோரம் விளம்பர போர்டு நிறுத்துவதற்கு 2023-ம் ஆண்டு விதிகளின்படி உள்ளாட்சியில் உரிமம் பெற வேண்டும். அதையும் விசாரித்துவிடுங்கள்.

பாட்னாவில் நடந்தது

2023 மார்ச் மாதம் பீகார் தலைநகர் பாட்னா ரெயில் நிலையத்தில் விளம்பர டி.வி.க்களில் திடீரென ஆபாச படம் ஓடியது. பயணிகள் அதிர்ச்சி அடைந்தனர். விளம்பர ஏஜென்சியின் ஒப்பந்தத்தை ரெயில்வே ரத்து செய்தது. திரையை இயக்கும் பொறுப்பு வெளி ஆளிடம் இருந்ததால் வந்த வினை இது.

கடை போர்டுக்கும் இதே கதைதான். வைபை போர்டுகள் எல்லோருக்கும் தெரிந்த ஒரே பாஸ்வேர்டோடு வருகின்றன. மாற்றாமல் விட்டால், தெருவில் நிற்கும் எவனும் செல்போனில் இருந்தே கண்டதை எழுதிவிட்டுப் போகலாம். மானம் போவது கடைக்காரருக்கு.

எனவே போர்டு மாட்டிய அன்றே பாஸ்வேர்டை மாற்றி, ஆப்பை உங்கள் போனில் ஏற்றச் சொல்லுங்கள். விற்றவர் எதிரிலேயே ஒரு வரியை நீங்களே மாற்றிப் பாருங்கள். மாறிய பிறகு மீதிப் பணத்தைக் கொடுக்கலாம்.