உங்களுக்குத் தெரியுமா? கைக்கேற்ற கணினித் திரை!
கை நடுங்குபவர்களுக்கும் தசை வலுவிழந்தவர்களுக்கும் மவுஸை நகர்த்தி ஒரு சின்னப் பொத்தானை அழுத்துவதே பெரும்பாடு. தனிக் கருவி வாங்கியோ, பழகிப் பழகியோ, கணினிக்கு ஏற்ப அவர்கள்தான் மாற வேண்டியிருந்தது. கணினியே மாறட்டுமே என்று முனைந்தவர், அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வாளராக இருந்த க்ஷிஷ்டாஃப் கயோஸ். பேராசிரியர்கள் டேனியல் வெல்ட், ஜேக்கப் வாப்ராக் ஆகியோருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய மென்பொருள் 'சப்பிள்++'.

இது பயனரின் நோய் என்னவென்று கேட்பதில்லை. அவரால் என்ன முடிகிறது என்று மட்டும் பார்க்கிறது. அங்கேதான் இந்த ஆய்வின் மேன்மை இருக்கிறது. ஓர் இலக்கைச் சுட்டுவது, இழுத்து நகர்த்துவது, பட்டியலில் ஒன்றைத் தேர்வது, அடுத்தடுத்து அழுத்துவது என ஒரே ஒரு முறை சில சோதனைகள் வைக்கும். பிறகு அந்த ஒருவருக்கென்றே திரையைத் தானாக அமைத்துத் தரும். குறி தவறுபவருக்குப் பொத்தான்கள் பெரிதாகும். இழுக்கச் சிரமப்படுபவருக்கு இழுக்கும் வேலை குறையும்.

2008இல் வெளியான ஆய்வு முடிவின்படி, இயக்கக் குறைபாடு உள்ளவர்கள் இத்தகைய திரையில் 26.4% வேகமாக வேலை செய்தார்கள். பிழைகள் 73% குறைந்தன. உடல் அலுப்பும் வெகுவாகக் குறைந்ததாக அவர்களே சொன்னார்கள்.