பழைய ரேஸ் சைக்கிளும் பிள்ளையின் அளவும்

பெருநாளைக்குச் சட்டை தைக்கக் கொடுக்கும்போது, "வளரும் பிள்ளைதானே, கொஞ்சம் பெரிதாகவே தையுங்கள்" என்று சொல்வது நம் வழக்கம். சட்டைக்கு அது சரி. சைக்கிளுக்குச் சரிவராது.

வாப்பாவோ மாமாவோ ஒரு காலத்தில் ஓட்டிய, ஆட்டுக்கொம்பு போல் வளைந்த ஹேண்டில் வைத்த ரேஸ் சைக்கிள் உங்கள் வீட்டில் கிடக்கலாம். அதைத் திருத்தி ஓட்ட மகனோ மகளோ ஆசைப்படலாம். நல்ல ஆசைதான். 1970களில், 80களில் செய்த பிரேம்கள் பல இன்றும் உறுதியாகவே இருக்கின்றன. ஆனால், சாமான் வாங்கக் கடைக்கு ஓடுமுன் உங்கள் தையல் பெட்டியிலுள்ள அளவு நாடாவை எடுங்கள் சகோதரிகளே!

முதலில் பிள்ளை

சப்பாத்து அணிந்து, மேல் பாரின் இருபுறமும் கால் வைத்துப் பிள்ளையை நிற்கச் சொல்லுங்கள். இரு பாதங்களும் நிலத்தில் பதிந்திருக்க, பாருக்கும் உடலுக்கும் இடையே ஓர் அங்குலமாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பிரேம் பெரிது. எந்தப் புதுச் சாமானும் அதைச் சிறிதாக்காது. பிள்ளை வளரும் வரை சைக்கிள் காத்திருக்கட்டும்.

அளவு சரியா? இனி சீட்டில் இருத்துங்கள். கீழே வந்த பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் இலேசாக மடியும். அதுவே சரியான உயரம். சீட் பதிவாக இருந்தால் முழங்கால் நோகும். உயர்த்தும்போதும் சீட் தண்டு இரண்டரை அங்குலமாவது பிரேமுக்குள் இருக்கட்டும்.

பிறகு சாமான்

பழைய ரேஸ் சைக்கிள் பலவற்றில் 27 அங்குலச் சில்லு இருக்கும். இப்போது வருவது பெரும்பாலும் 700 என்ற அளவு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் டயர் அமரும் இடத்தின் குறுக்களவு முந்தியதில் 630 மில்லிமீற்றர், பிந்தியதில் 622. ஒன்றின் டயர் மற்றதற்குப் பொருந்தாது. சில்லையே 700க்கு மாற்றினால் பிரேக் கட்டையை 4 மில்லிமீற்றர் இறக்க வேண்டும். இறக்காவிட்டால் கட்டை டயரில் உரசி அதைத் தின்றுவிடும்.

மரையும் அப்படித்தான். ஆங்கிலேய சைக்கிள்களில் பெடல் கிராங்கின் அச்சைத் தாங்கும் பிரேம் குழாயில் அங்குலத்துக்கு 24 மரை இருப்பது வழக்கம். பழைய றலி பலவற்றில் 26. ஆகவே கழற்றிய பழைய சாமானை வீசாமல் கடைக்குக் கையோடு கொடுத்தனுப்புங்கள்.

பணம் எங்கே போக வேண்டும்?

கையில் பணம் குறைவென்றால் முதலில் பிரேக்கைக் கவனியுங்கள். குரோம் பூசிய இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் பிடிக்காமல் வழுக்கும். அலுமினிய ரிம்மில் பிடிப்பு எவ்வளவோ மேல். பிரேக் கம்பியும் கட்டையும் புதிதாகவே இருக்கட்டும்.

பெயின்டையும் அழகான சீட்டையும் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். மழை நாளில், சந்தியில், பிள்ளைக்குக் கைகொடுப்பது பிரேக்தான்.