கோடைக்கால வக்கீல் வேலையும் ஒரு தகப்பனின் பாடமும்

சென்ற ஆண்டு ஜூன் மாதக் கடைசியில், ஓர் இரவு பதினொரு மணிக்கு என் மகள் நியூயார்க்கிலிருந்து அழைத்தாள். "அப்பா, இந்த வேலை எனக்குப் பிடிக்கவில்லை. காலையில் எழுந்தாலே வயிற்றைக் கலக்குகிறது" என்றாள். சட்டக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டை முடித்து, பெரிய சட்ட நிறுவனம் ஒன்றில் பத்து வாரக் கோடைப் பணியில் சேர்ந்திருந்தாள். அது நான்காவது வாரம். நானோ அதற்குள் கோயில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் அவள் சம்பளத்தைச் சொல்லிப் பெருமைப்பட்டிருந்தேன். "பல்லைக் கடித்துக்கொண்டு இரு, சரியாகிவிடும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அது தவறான பதில். நம் சங்கத்துக் குடும்பங்களிலும் சட்டம் படிக்கும் பிள்ளைகள் இருப்பதால் எங்கள் அனுபவத்தை எழுதுகிறேன்.

அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் சட்டப் படிப்பு மூன்று ஆண்டு. பெரிய நிறுவனங்கள் இரண்டாம் ஆண்டு முடிந்த கோடையில் மாணவர்களை வேலைக்கு அழைத்துப் பார்த்து, பிடித்தால் படிப்பு முடிந்ததும் வந்து சேரச் சொல்கின்றன. நியூயார்க்கின் முன்னணி நிறுவனங்களில் 2023 இறுதியிலிருந்து முதலாண்டு வக்கீலின் சம்பளம் 2,25,000 டாலர். கோடை மாணவருக்கும் அதே விகிதம்தான். இந்தத் தொகையைக் கேட்டபின் நம் போன்ற பெற்றோருக்கு வேறெதுவும் காதில் விழுவதில்லை.

அந்தப் பணத்துக்கு விலை நேரம். வக்கீலின் பொழுது ஆறு ஆறு நிமிடமாகக் கணக்கெழுதப்பட்டுக் கட்சிக்காரரிடம் வசூலிக்கப்படுகிறது. ஆண்டுக்கு 1,900 அல்லது 2,000 மணி நேரம் இப்படிக் காட்டவேண்டும் என்பது பல இடங்களில் எதிர்பார்ப்பு. சாப்பிட்ட நேரமும் காத்திருந்த நேரமும் அதில் சேரா.

மறுநாள் என் மனைவி மகளை அழைத்து, "உனக்குப் பிடிக்காதது எது கண்ணு? வேலையா, மனிதர்களா, நேரமா?" என்று கேட்டாள். நான் கேட்டிருக்கவேண்டிய கேள்வி! மகள் ஒரு வாரம் தினமும் குறித்துவைத்தாள். கம்பெனி விற்பனைக்காக நூற்றுக்கணக்கான ஒப்பந்தங்களைச் சரிபார்ப்பதுதான் கசந்தது. வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்ட ஒரு மூதாட்டிக்காக நிறுவனம் இலவசமாக நடத்திய வழக்கில் உதவிய அன்று, சாப்பிடவே மறந்துவிட்டாளாம். ஆக, சட்டம் கசக்கவில்லை. அந்தப் பிரிவுதான் கசந்தது. பொறுப்பாளரிடம் கேட்டு வழக்குப் பிரிவுக்கு மாறினாள். கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

பாதியில் விட்டுவிடலாமா என்றும் யோசித்தோம். மிச்சம் சில வாரமே. பாதியில் வந்தால் இனிப் போகும் இடமெல்லாம் காரணம் சொல்லவேண்டும். ஆகவே முடித்துவிட்டே வந்தாள். ஆனால் அவமதிப்போ உடல்நலக் கேடோ இருந்தால் பொறுத்திருக்கவே கூடாது. கல்லூரியின் வேலை ஆலோசனை அலுவலகத்திடம் உடனே சொல்லவேண்டும்.

ஆகஸ்டில் அவள் வீட்டுக்கு வந்ததும் சமையலறை மேஜையில் மூவரும் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தோம். நிறுவனம் வேலை தருவதாகச் சொல்லிவிட்டது. வேறு வழிகளையும் எழுதினோம். நீதிபதியிடம் ஓரிரு ஆண்டு சட்ட உதவியாளராக இருக்கலாம். சம்பளம் குறைவு, கற்பது அதிகம். அரசு வக்கீலாகலாம். சிறிய நிறுவனத்துக்குப் போகலாம். ஏழைகளுக்காக வாதாடும் பொது வக்கீல் அலுவலகத்தில் சேரலாம். கடுங்குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு அரசே வக்கீல் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1963இல் கிடியன் வழக்கில் தீர்ப்பளித்தது. அந்த வேலைக்கு இன்றும் ஆள் தேவை.

கடன் என்னாவது என்று கேட்டேன். 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசுப் பணியிலோ தகுதியுள்ள இலாப நோக்கற்ற அமைப்பிலோ முழு நேரம் உழைத்துக்கொண்டே 120 மாதத் தவணைகளை முறைப்படி கட்டினால், மத்திய அரசின் கல்விக் கடனில் மீதி தள்ளுபடியாகும். தனியார் கடனுக்கு இது பொருந்தாது. விதிகளும் மாறுகின்றன, கையெழுத்திடுமுன் விசாரிப்பது நல்லது.

மகள் பெரிய நிறுவனத்துக்கு நன்றி சொல்லி மறுத்துவிட்டாள். பொது வக்கீல் அலுவலகம் ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது. சம்பளம் பாதிகூட இல்லை. எனக்கு ஒரு வாரம் தூக்கம் வரவில்லை என்பதை மறைக்கமாட்டேன். நண்பர் ஒருவரின் மகன் இதே கசப்போடு அப்படிப்பட்ட வேலையை ஏற்று, மூன்றாண்டில் கடனை அடைத்துவிட்டு, ஒரு கம்பெனியின் சட்டப் பிரிவுக்கு மாறி நிம்மதியாக இருக்கிறான். அதுவும் நல்ல வழியே. இருவருமே கணக்குப் போட்டுத் தாமே முடிவெடுத்தவர்கள்.

பெற்றோர்களே, பிள்ளை இரவு பதினொரு மணிக்கு அழைத்தால் சம்பளத்தை நினைக்கவேண்டாம். "எது பிடிக்கவில்லை?" என்று கேட்டுவிட்டு, பதில் முடியும்வரை போனை வைக்காதீர்கள்.