எம்சர் படுகையின் மீட்டுருவாக்கம்: சுரங்க நிலமும் நீரும்

செருமனியின் ரூர் வட்டாரச் சுரங்க நகரங்கள் புத்துயிர் பெற்றதைப் பேசும்போது முதலில் நினைவுக்கு வருவன கட்டடங்களே. எசன் நகரின் சோல்வரைன் சுரங்கம் அதற்குச் சான்று. ஃபிரிட்ஸ் சுப், மார்ட்டின் கிரெம்மர் ஆகியோர் வடிவமைத்த அதன் பன்னிரண்டாம் குழி 1932இல் இயங்கத் தொடங்கி 1986இல் மூடப்பட்டது. 2001இல் அவ்வளாகம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. நிலக்கரி கழுவிய கூடத்தில் இன்று ரூர் அருங்காட்சியகம் இயங்குகிறது.

ஆயின், இவ்வட்டாரத்தின் அடிப்படைச் சிக்கல் மண்ணுக்கடியில் உள்ளது. நிலக்கரியை அகழ்ந்தெடுத்த இடங்களில் மேல்நிலம் தாழ்ந்தது. எசனின் சில பகுதிகள் இருபது மீட்டருக்கும் மேல் இறங்கியுள்ளன. இவ்வாறு இறங்கிக்கொண்டிருக்கும் நிலத்தில் கழிவுநீர்க் குழாய்களைப் புதைத்தால் அவை உடைந்துவிடும். எனவே 1899இல் நிறுவப்பட்ட எம்சர் கூட்டமைப்பு, எம்சர் ஆற்றையே நேராக்கி, கான்கிரீட் தளமிட்டு, திறந்த சாக்கடையாக மாற்றியது. கரையோரம் வேலியிடப்பட்டது. ஆறு இருந்தும் ஆற்றங்கரை இல்லாத நகரங்களாக அவை ஒரு நூற்றாண்டைக் கழித்தன எனலாம்.

சுரங்கத்தொழில் வடக்கே நகர்ந்து நிலம் நிலைகொண்ட பின்னரே மாற்றத்திற்கு வழி பிறந்தது. 1989 முதல் 1999 வரை நடைபெற்ற எம்சர் பூங்காப் பன்னாட்டுக் கட்டடக் கண்காட்சி, கட்டடத்தையும் நிலக்காட்சியையும் ஆற்றையும் ஒரே திட்டத்திற்குள் கொணர்ந்தது. டூயிஸ்பர்க்கில் மூடப்பட்ட இரும்பாலையைப் பூங்காவாக்கிய பீட்டர் லாட்ஸ், ஊதுலைகளை இடிக்காமல் விட்டார். அதனினும் நுட்பமானது அவர் நீரைக் கையாண்ட முறை: கழிவுநீர் நிலத்தடிக் குழாய்க்குள் சென்றது, பழைய வாய்க்காலில் மழைநீர் ஓடியது. எம்சர் ஆறு முழுமைக்கும் இதே நெறி பின்பற்றப்பட்டது. 1992இல் தொடங்கிய பணியின் பயனாக, 51 கிலோமீட்டர் நீளமுள்ள நிலத்தடிக் கால்வாய் கழிவுநீரை ஏற்றது. 2021இன் இறுதியில் ஆறு கழிவுநீரிலிருந்து விடுபட்டது.

எனினும் தாழ்ந்த நிலம் மீண்டும் உயர்வதில்லை. எம்சர் படுகையின் ஏறத்தாழ 40 விழுக்காட்டுப் பரப்பில் நீர் தானாக வடிந்தோட வழியில்லை. இறைப்பு நிலையங்கள் நின்றுவிட்டால் அப்பகுதி ஏரியாகும். புதுப்பித்த கூடங்களும் குடியிருப்புகளும் அதிலிருந்து தப்பா. நிலத்தடிக் குழிகளில் ஊறும் நீரும் குடிநீர்ப் படுகைகளை எட்டாதவாறு இறைக்கப்பட வேண்டும். செருமானியர் இவற்றை ‘நித்தியப் பணிகள்’ என்றே வழங்குகின்றனர். இவற்றின் செலவை ஏற்பதற்கென 2007இல் ஓர் அறக்கட்டளை நிறுவப்பட்டது. 2018 திசம்பரில் பாட்ராப் நகரின் புரோஸ்பர்-ஹனியேல் சுரங்கத்தோடு ரூர் நிலக்கரித் தொழில் முற்றுப்பெற்றது, இறைப்பு முற்றுப்பெறவில்லை. சோல்வரைனிலேயே, மேலே கூடங்கள் பார்வையாளருக்குத் திறக்கப்பட்ட பின்னரும், கீழே குழிநீரை இறைக்கும் பணி பல ஆண்டுகள் தொடர்ந்தது.