ஐந்தாவது கியர் எதற்கு?

"அஞ்சுல போட்டா டீசல் மிச்சம்" என்றுதான் நானும் நம்பியிருந்தேன். போன விடுமுறையில், மாமாவின் பழைய டொயோட்டா ஹைலக்ஸில் உர மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஈப்போவிலிருந்து வடக்கே போனோம். மெனோரா சுரங்கப்பாதைக்கு ஏறும் மேட்டிலும் நான் ஐந்தாவது கியரை விடவில்லை. எண்ணெயை மிதிக்க மிதிக்க வேகம் குறைந்தது. வண்டி உதறியது, பின்னால் கரும்புகை. "நாலுக்கு மாத்துடா!" என்று மாமா சத்தம் போட்டார். மாற்றியதும் வண்டி இழுத்தது.

பொறியியல் படிக்கிறவனுக்கு இது அவமானம்தான். வீடு திரும்பியதும் கியர்ப்பெட்டியின் படத்தைத் தேடிப் பார்த்தேன்.

இத்தகைய வண்டிகளில் நான்காவது கியர் ஒன்றுக்கு ஒன்று. இன்ஜினிலிருந்து வரும் தண்டும் பின்சக்கரங்களை நோக்கிப் போகும் தண்டும் நேராகப் பூட்டிக்கொண்டு ஒன்றாகச் சுழலும். ஐந்தாவதுதான் ஓவர்டிரைவ். இதில் ஆற்றல் துணைத்தண்டுக்கு இறங்கி, பல்சக்கரங்கள் வழியாக மறுபடி ஏறி வரவேண்டும். விகிதம் சுமார் 0.85. நான்காவதில் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழன்றால், அதே வேகத்துக்கு ஐந்தாவதில் 2,550 போதும். சமதரையில் டீசல் மிச்சமாவது உண்மைதான். ஆனால் சக்கரத்துக்குப் போகும் இழுவிசையும் அதே அளவு குறைகிறதே! டர்போ இல்லாத பழைய டீசல் இன்ஜினுக்கு அதை ஈடுகட்டப் பலம் கிடையாது. மேலும் மிதித்தால், எரியக் காற்று போதாத டீசல் புகையாகத்தான் போகும்.

மறுவாரமும் அதே மேடு, அதே சுமை. நாலிலேயே ஏறினேன். கோலகங்சார் பக்கம் சமதரை வந்ததும் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"இப்பப் போடு" என்றார்.