விருந்துக்குக் கோழிச் சலாது குறோசன்

பிறந்தநாள் வீடொன்றில் 50 குறோசன் சான்ட்விச் கேட்டார்கள். பாண் சான்ட்விச் மட்டுமே செய்து பழகிய நான் துணிந்து ஒத்துக்கொண்டேன். குறோசனைப் பேக்கரியில் வாங்கி, காலையிலேயே சலாதை வைத்து அடுக்கிவிட்டேன். மாலையில் பெட்டியைத் திறந்தால் எல்லாம் ஊறி நசிந்து கிடந்தன. பாதிக் காசுதான் தந்தார்கள். கோழிக்கடைக் கடன் என் தலையில்.

குறோசன், மாவை மடிப்புக்கு மடிப்பு வெண்ணெய் வைத்து உருட்டிச் சுடுவது. ஈரம் பட்டால் மொறுமொறுப்புப் போய்விடும். அதனால் இப்போது ஈரத்தோடுதான் என் சண்டை.

1 கிலோ எலும்பில்லாக் கோழியை உப்பு, மிளகு போட்டு நன்றாக அவித்து, ஆறியதும் உதிர்த்து, நீர் வடியவிடுவேன். வெள்ளரிக்காயை விதை நீக்கிப் பொடியாக அரிந்து, உப்புப் பிரட்டிப் பிழிந்தெடுப்பேன். வெங்காயமும் அப்படியே. 1 கோப்பை மயோனைஸ், கொஞ்சம் தேசிப்புளி சேர்த்துக் கிளறினால் 20 குறோசனுக்குக் காணும். மயோனைஸ் கடைப் போத்தல்தான். பச்சை முட்டை அடித்து வீட்டில் செய்வதை எங்கள் வெயிலுக்கு நான் நம்புவதில்லை.

சலாதை ஐஸ் பெட்டியில் கொண்டுபோய், விருந்து வீட்டுக் குசினியிலேயே நிரப்புகிறேன். குறோசனைப் பக்கவாட்டில் கீறி, உள்ளே வெண்ணெய் பூசினால் ஈரம் இலகுவில் இறங்காது. மேசைக்கு வந்து 2 மணித்தியாலம், கடும் வெயிலென்றால் 1 மணித்தியாலம். அதற்கு மேல் மிஞ்சியதை வீசச் சொல்லிவிடுவேன். பிள்ளைகள் சாப்பிடுவது அல்லவா?

இன்னொன்று: பாதி முற்பணம் கைக்கு வராமல் இப்போது கோழி வாங்கப் போவதில்லை.